மசாய் மாரா, செரெங்கெட்டி சஃபாரி: ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் எவ்வளவு டிப்ஸ் கொடுப்பது முறை?

பயணப்பை:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஆகஸ்ட் மாதம் நாங்கள் இரண்டு குடும்பங்களாக, நான்கு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளுமாகக் கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் செல்கிறோம். நைரோபியில் இறங்கி, நக்குரு ஏரியையும் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தையும் பார்த்துவிட்டு, இசெபானியா எல்லையில் வண்டி மாறி, தான்சானியாவின் செரெங்கெட்டி, ங்கோரோங்கோரோ வனங்கள் வழியாக அருஷா நகருக்குப் போய்ச் சேர்வதாகத் திட்டம். கென்ய நிறுவனத்தின் வண்டி தான்சானியப் பூங்காக்களுக்குள் வராது என்பதால், எல்லைக்கு இப்பால் ஓர் ஓட்டுநர், அப்பால் வேறோர் ஓட்டுநர். இருவருமே வழிகாட்டிகளும்கூட என்கிறார்கள்.

கட்டணத்தில் என்னென்ன அடங்கும் என்று நிறுவனம் அனுப்பிய தாளின் அடியில், "டிப்ஸ் தனி, ஆளுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 டாலர்" என்று ஒற்றை வரி இருக்கிறது. ஆறு பேருக்குப் பெருக்கினால் ஒரு நாளைக்கே 60 முதல் 90 டாலர் ஆகிறது. இத்தனை லட்சம் கட்டிய பிறகு இது வேறா என்று என் மைத்துனர் கேட்கிறார். அங்குள்ளவர்கள் இதை நம்பித்தான் குடும்பம் நடத்துகிறார்கள், இதில் போய்க் கணக்குப் பார்ப்பதா என்று என் மனைவி கேட்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுவதால் இங்கே வந்திருக்கிறேன்.

அந்தத் தொகை ஆள் கணக்கா, வண்டிக் கணக்கா? பிள்ளைகளையும் சேர்க்க வேண்டுமா? லாட்ஜ் ஊழியர்களுக்கு என்ன செய்வது? டாலராகக் கொடுப்பதா, அந்தந்த நாட்டு ஷில்லிங்காகக் கொடுப்பதா? சென்று வந்தவர்களும் அங்கே இருப்பவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

நைரோபிவாசி:

நைரோபியில் நெடுநாளாக வசிக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினரையும் நண்பர்களையும் மாராவுக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பு ஆண்டுதோறும் என் தலையில்தான் விழும். ஆகவே இந்தக் கேள்விக்குப் பலமுறை விடை சொல்லிப் பழகியிருக்கிறேன்.

ஆளுக்கு 10 டாலர் என்பது கென்யாவில் பரவலாகச் சொல்லப்படும் தொகைதான். ஆனால் இருவரோ மூவரோ ஒரு வண்டியில் போகும்போதுதான் அது சரியாகப் பொருந்தும். தான்சானியாவில் பெரும்பாலும் வண்டிக் கணக்கில், நாளொன்றுக்கு 20, 25 டாலரில் தொடங்கிக் குழுவின் அளவுக்கேற்ப உயர்த்திச் சொல்வார்கள். எனக்கு இந்த வண்டிக் கணக்கே நியாயமாகப் படுகிறது. இருவரை ஏற்றிச் சென்றாலும் அறுவரை ஏற்றிச் சென்றாலும் ஓட்டுநருக்குச் சாலை ஒன்றுதான், விழித்திருக்கும் நேரமும் ஒன்றுதான். ஆறு பேர் என்றால் பெட்டிகள் கூடுதல், கேள்விகள் கூடுதல், கழிப்பறைக்கு நிறுத்தச் சொல்லும் இடங்கள் கூடுதல். அதனால் தொகை கொஞ்சம் உயர வேண்டும், மூன்று மடங்காக வேண்டியதில்லை. உங்கள் குழுவுக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 டாலர் என்பது ஓட்டுநர் மனம் குளிர வாங்கிக்கொள்ளும் தொகை என்பது என் எண்ணம். பிள்ளைகளைத் தனியாகக் கணக்கிட வேண்டாம்.

இந்தத் தொகை எதற்கு என்பதை உங்கள் மைத்துனர் தெரிந்துகொண்டால் மனம் மாறலாம். காலை ஆறு மணிக்கு நீங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வண்டியில் ஏறும்போது, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவர் எழுந்து கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்து, டயரைத் தட்டிப் பார்த்து, மேற்கூரையை உயர்த்தி வைத்திருப்பார். மாலையில் நீங்கள் குளிக்கப் போன பிறகு டீசல் நிரப்பி, ஏர் ஃபில்டரைக் கழற்றித் தூசியைத் தட்டி, மறுநாள் எங்கே போகலாம் என்று மற்ற ஓட்டுநர்களிடம் விசாரித்துவிட்டு, லாட்ஜின் பின்புறம் ஓட்டுநர்களுக்கென்று ஒதுக்கிய அறையில் படுப்பார். மாராவின் கரிசல் மண்ணில் மழை பெய்துவிட்டால் சக்கரம் அச்சு வரை புதையும். அப்போது சேற்றில் இறங்கி முட்டுக் கொடுப்பவரும் அவரேதான்.

இவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர், பயண நாளுக்கு இவ்வளவு என்று பேசி அழைக்கப்படுபவர்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை ஓய்வில்லாமல் ஓடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களின் பெருமழையில் வேலை அருகிவிடும், பள்ளிக் கட்டணம் மட்டும் அருகாது. கென்யத் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கம் என்று ஒன்று 1996 முதல் இருக்கிறது. அது பறவை, விலங்கு, செடிகொடி, சட்டம் என்று பலவற்றிலும் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைகளில் தகுதி வழங்குகிறது. உங்கள் ஓட்டுநரின் சட்டையில் வெள்ளிச் சின்னம் குத்தியிருந்தால், அதற்காக அவர் பல ஆண்டுகள் படித்திருக்கிறார் என்று பொருள். அத்தகையவருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

லாட்ஜ் ஊழியர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வரவேற்பறையில் பொதுப் பெட்டி ஒன்று இருக்கும். சமையற்கட்டிலும் சலவைக் கூடத்திலும் நம் கண்ணில் படாமல் வேலை செய்பவர்களுக்கும் அதிலிருந்து பங்கு போகும். கிளம்பும்போது பெரியவர் ஒருவருக்கு இரவொன்றுக்கு 5 டாலர் என்ற கணக்கில் அதில் போட்டுவிடுங்கள். பெட்டி தூக்குபவருக்கு மட்டும் கையில் 100, 200 ஷில்லிங் கொடுக்கலாம். ஒரு டாலர் இப்போது ஏறத்தாழ 130 கென்ய ஷில்லிங்.

---

கணக்கன்:

நைரோபிவாசி சொன்னதை மறுக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்லியாக வேண்டும்.

ஓட்டுநருக்கு மழைக்காலத்தில் வேலையில்லை என்றால் அதைச் சரிசெய்ய வேண்டியவர் அவரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி. அந்தக் கடமையை நாகரிகமாகப் பயணியின் தலையில் கட்டிவிட்டு, கொடுக்காதவன் கஞ்சன் என்று பெயரும் வைத்துவிடுகிறார்கள். நடுத்தரக் குடும்பம் ஒன்று வாழ்நாளில் ஒருமுறை சேமித்துப் போகும் பயணம் இது. மாராவில் ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணமே பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 டாலர். ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்குள் வண்டி இறங்குவதற்கு மட்டும் வரியோடு 295 டாலர். இவற்றின் மேல் டிப்ஸும் கிட்டத்தட்டக் கட்டாயம் என்றால், அதை முதலிலேயே விலையில் சேர்த்துச் சொல்லிவிடுவதுதானே நேர்மை?

இன்னொன்று. நான் சென்றது ஊரிலிருந்தே ஆள் சேர்த்துக் கூட்டிச் செல்லும் குழுப் பயணம். எந்த நிறுவனம் என்று சொல்ல விரும்பவில்லை. கிளம்பும் முன்பே டிப்ஸ் என்று ஆளுக்கு ஒரு தொகையை ரூபாயாக வாங்கிக்கொண்டார்கள். கடைசி நாளில் எங்கள் ஓட்டுநரிடம் பேச்சுக்கொடுத்தபோது, அப்படி ஒரு தொகை தன் கைக்கு வந்ததாகவே அவர் சொல்லவில்லை. சொல்லக் கூச்சப்பட்டாரோ, உண்மையிலேயே வரவில்லையோ, எனக்கு விளங்கவில்லை. குழுவோடு வந்த பொறுப்பாளரிடம் கேட்டால் "எல்லாம் செட்டில் செய்தாகிவிட்டது" என்ற ஒரே பதில்தான். இப்படி இடையிலேயே கரையும் பணத்தை எந்த நியாயத்தின் பெயரால் கொடுப்பது?

---

அருஷா பேரேடு:

கணக்கன் கேட்பது முறையான கேள்வி. அருஷாவில் ஒரு பயண நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில், கல்லாவுக்குள்ளிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

டிப்ஸை விலையிலேயே சேர்த்துவிடலாம் என்பதை நானும் கொள்கையளவில் ஒப்புக்கொள்கிறேன். நடப்பது வேறு. ஒரே வழித்தடத்துக்குப் பத்து நிறுவனங்களிடம் விலை கேட்டு, குறைவாகச் சொன்னவரிடம் பதிவு செய்பவர்கள்தான் பெரும்பாலான பயணிகள். பூங்காக் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது, டீசல் விலை யார் கையிலும் இல்லை, லாட்ஜ்காரர் தம் விலையிலிருந்து இறங்க மாட்டார். எஞ்சியிருப்பது ஓட்டுநரின் கூலி. மலிவான பயணத்தின் மலிவு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. அந்த அமைப்பு பிடிக்கவில்லை என்று சொல்லி டிப்ஸைக் கொடுக்காமல் வந்தால், முதலாளிக்கு ஒரு காசு நட்டமில்லை. அடி விழுவது ஓட்டுநரின் வயிற்றில்.

உங்கள் கோபத்தைக் காட்ட வேண்டிய இடம் பதிவு செய்வதற்கு முந்தைய மின்னஞ்சல். ஓட்டுநருக்கு நாள் கூலி உண்டா, டிப்ஸ் அந்தக் கூலிக்கு மேலா அல்லது அதற்குப் பதிலா, எல்லை தாண்டியபின் வெறும் வண்டியோடு திரும்பும் நாளுக்குக் கூலி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். ஒழுங்கான நிறுவனம் ஒரே நாளில் விடை அனுப்பும். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். முன்கூட்டியே டிப்ஸ் வசூலிப்பவர்களிடம், "நாங்கள் நேரில் கொடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்லித் தொகையைக் கழிக்கச் சொல்லலாம். கேட்டவர்களுக்குக் கழித்துக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கொடுக்கும் முறைக்கு வருகிறேன். ஒவ்வொருவருக்கும் தனி உறை போடுங்கள். "இதை அவரோடு பகிர்ந்துகொள்ளுங்கள்" என்று ஒருவர் கையில் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். கூடாரப் பயணமாக இருந்து சமையற்காரரும் உடன் வந்தால் அவருக்கு நாளொன்றுக்குக் குழுவாக 10 முதல் 15 டாலர் தனி உறையில் போக வேண்டும். கென்ய ஓட்டுநரின் உறையை மாராவிலிருந்து கிளம்பும் காலையிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இசெபானியாவில் கடவுச்சீட்டு வரிசை, பெட்டி மாற்றுதல், பணம் மாற்றித் தருகிறேன் என்று சூழ்ந்துகொள்ளும் ஆட்கள் என்ற அமளியில், விடைபெறக்கூட நேரமில்லாமல் அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். தினந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதைவிடக் கடைசியில் ஒருமுறையாகக் கொடுப்பதே இங்கே வழக்கம்.

டாலரோ ஷில்லிங்கோ, இரண்டையும் வாங்கிக்கொள்வார்கள், இந்திய ரூபாய் உதவாது. டாலர் என்றால் நோட்டு புதிதாக இருக்க வேண்டும். 2006க்கு முந்தைய வரிசை நோட்டுகளைக் கையால்கூடத் தொட மாட்டார்கள். 2013க்குப் பிந்தையவையாகப் பார்த்து உங்கள் ஊரிலேயே கேட்டு வாங்குங்கள். ஓரம் கிழிந்தது, பேனாக்கோடு விழுந்தது எல்லாம் அவர்களுக்குச் செல்லாக்காசு. ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளை மாற்றும்போது நூறு டாலர் நோட்டைவிடக் குறைந்த விலையே கிடைக்கும் என்பதால், ஒற்றை டாலர்களைக் கட்டாகக் கட்டிக் கொடுத்தால் கணக்கில் நிறைவாகத் தெரியும், அவர் கைக்குக் குறைவாகப் போகும்.

தான்சானியப் பகுதிக்கு ஷில்லிங்கே நல்லது. 2025 மார்ச் இறுதியில் வந்த விதிமுறைப்படி நாட்டுக்குள் பொருளுக்கும் சேவைக்கும் வெளிநாட்டு நாணயத்தில் விலை சொல்வதும் வாங்குவதும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. டிப்ஸ் விலையல்ல என்றாலும், டாலரை வாங்கும் ஓட்டுநர் அதை மாற்ற வங்கிக்கு அலைய வேண்டியவராகிறார். ங்கோரோங்கோரோவை விட்டு இறங்கியதும் வரும் கராத்து ஊரில் ஏடிஎம் இருக்கிறது. அருஷாவில் கொடுக்க வேண்டியதை அங்கே எடுத்துக்கொள்ளலாம்.

---

தடம்:

தென்னாப்பிரிக்கா செல்ல நினைப்பவர்களுக்காக ஒரு சிறு சேர்க்கை. குரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய தனியார் வனங்களில் ஓட்டுநரே வழிகாட்டியாக இருப்பார். வண்டியின் முன்மூக்கில் பொருத்திய இருக்கையில் தடம் பார்ப்பவர் ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பார். சிறுத்தையை முதலில் காண்பது பெரும்பாலும் அவர்தான். ஆனால் அதிகம் பேசாதவர் என்பதால் பலர் அவரை மறந்துவிடுகிறார்கள். வழிகாட்டிக்குக் கொடுப்பதில் பாதியாவது அவருக்குத் தனியாகப் போக வேண்டும். அங்கே அந்நாட்டு நாணயமான ராண்ட் நோட்டே வசதி.

---

பயணப்பை:

மிக்க நன்றி. மைத்துனருக்கு இந்தத் திரியை அப்படியே அனுப்பிவிட்டேன். "நாள் கூலி உண்டா என்று நானே எழுதிக் கேட்கிறேன்" என்று சொல்லும் அளவுக்கு இறங்கி வந்திருக்கிறார்.

இன்னும் இரண்டு ஐயங்கள். எங்கள் பயணத்தின் முக்கிய நோக்கமே ஆகஸ்டில் மாரா ஆற்றை வில்டபீஸ்ட் என்னும் காட்டுமான் கூட்டம் கடக்கும் காட்சிதான். முன்கூட்டியே ஓட்டுநர் கையில் கொஞ்சம் கொடுத்து வைத்தால் நல்ல இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவார் என்று ஒரு நண்பர் சொன்னார். அது சரியா? ஓட்டுநர் சரியில்லாதவராக அமைந்துவிட்டால் அப்போதும் முழுத் தொகையையே கொடுக்க வேண்டுமா?

---

நைரோபிவாசி:

முதல் கேள்விக்கு அழுத்தமாக, வேண்டாம். அந்த யோசனை சொன்னவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம், ஆனால் மாராவில் நடக்கும் பல கேடுகளுக்கு வேரே அதுதான்.

ஆற்றங்கரையில் நடப்பதைச் சொல்கிறேன். எதிர்க்கரையில் ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்ந்து நிற்கும். முன்னால் நிற்பது தண்ணீரை முகர்ந்துவிட்டுப் பின்வாங்கும், கூட்டம் முழுவதும் அதோடு சேர்ந்து திரும்பும், மறுபடி வரும். இப்படியே இரண்டு மணி நேரம் போகும். வண்டிகள் கரையிலிருந்து தள்ளி, புதர்களின் பின்னால் பொறுமையாக நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு வண்டியின் மேற்கூரைத் திறப்பிலிருந்து ஒருவர் குனிந்து, ஓட்டுநரின் தோளுக்கு மேலாக ஐம்பது டாலர் நோட்டை நீட்டி "முன்னே போ" என்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வண்டி நகர்ந்ததும் மற்ற வண்டிகளிலும் கூச்சல் தொடங்கியது. கடக்க வந்த கூட்டம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேட்டுக்கு ஓடிவிட்டது. அன்று யாரும் எதையும் பார்க்கவில்லை.

2025 ஜூலையில் இதே ஆற்றின் தான்சானியப் பக்கத்தில், செரெங்கெட்டிக்குள், பயணிகள் வண்டியைவிட்டு இறங்கி விலங்குகளின் வழியை மறித்து நின்ற காணொளி உலகம் முழுவதும் பரவியது. மாராவில் சாலையைவிட்டு விலகி ஓட்டுவது குற்றம். சிங்கத்தையோ சிவிங்கிப்புலியையோ சுற்றி ஒரே நேரத்தில் ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்றும் விதி உண்டு. பிடிபட்டால் தண்டம் கட்டுவதும் பூங்காவுக்குள் வரத் தடை பெறுவதும் ஓட்டுநர்தான், நோட்டை நீட்டியவர் மறுநாள் விமானம் ஏறிவிடுவார். ஆகவே முதல் நாளிலேயே உங்கள் ஓட்டுநரிடம், "விலங்கு தென்பட்டாலும் படாவிட்டாலும் உங்களுக்கு உரியது உண்டு, விதியை மீற வேண்டியதில்லை" என்று சொல்லிவிடுங்கள். அதைக் கேட்ட பிறகு அவர் வேலை செய்யும் விதமே மாறும். ரேடியோவில் யாரோ சொன்ன சிங்கத்தைத் துரத்துவதை விட்டுவிட்டு, ஆலமரத்தளவு விரிந்த அத்தி மரத்தடியில் நிறுத்தி, மேலே இலைக்குள் இருக்கும் ஆந்தையைக் காட்டும் ஓட்டுநர்கள் அப்படித்தான் கிடைக்கிறார்கள்.

---

அருஷா பேரேடு:

இரண்டாவது கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். சரியில்லாதவர் என்றால் என்ன என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். சிங்கம் கிடைக்காதது, மழை பெய்தது, லாட்ஜில் வெந்நீர் வராதது, நிறுவனம் ஏழு இருக்கை வண்டி என்று சொல்லிவிட்டுப் பழைய வேன் அனுப்பியது ஆகிய எதற்கும் அவர் பொறுப்பல்லர். இவற்றுக்காக அவர் உறையில் கை வைக்காதீர்கள். வேகமாக ஓட்டுகிறார், ஓட்டும்போது ஓயாமல் தொலைபேசியில் பேசுகிறார், மாலை நான்கு மணிக்கே லாட்ஜுக்குத் திரும்பப் பார்க்கிறார், கேட்டதற்கு முகம் சுளிக்கிறார் என்றால் அது அவர் குற்றம். அதை மனதில் வைத்திருந்து கடைசி நாளில் தொகையைக் குறைத்துக் காட்டுவதால் பயனில்லை, அவருக்கும் காரணம் புரியாது. இரண்டாம் நாளே பணிவாக நேரில் சொல்லுங்கள், மாறவில்லையென்றால் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். ஆள் மாற்றிக்கூட அனுப்புவார்கள். அப்படியும் திருந்தாதவருக்குப் பாதி போதும்.

நல்லவராக அமைந்தால், பணத்தோடு இன்னொன்றும் செய்யலாம். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அவர் பெயரைக் குறிப்பிட்டு, அவர் எதில் தேர்ந்தவர் என்பதை இரண்டு வரி எழுதுங்கள். எங்கள் அலுவலகத்தில் அடுத்த சீசனுக்கு ஓட்டுநர்களை ஒதுக்கும்போது அந்த வரிகளைத்தான் முதலில் புரட்டுவார்கள். ஆனால் அந்த எழுத்தும், பழைய சட்டையும், பிஸ்கட் பொட்டலமும் உறைக்குப் பதிலாகிவிடாது.

---

கணக்கன்:

அருஷா பேரேடு சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். மின்னஞ்சலில் கேட்க வேண்டிய அந்த மூன்று கேள்விகளை நான் பதிவு செய்யும்போது யாரும் சொல்லித் தரவில்லை. விலையில் சேர்க்க வேண்டும் என்ற என் கருத்தில் மட்டும் மாற்றமில்லை.

பயணப்பைக்கு ஒரு சொல்: பூங்கா வாயிலில் இருப்பவர்களுக்கோ வழியில் நிறுத்தும் போலீசாருக்கோ டிப்ஸ் என்று எதையும் நீட்ட வேண்டாம். அதற்குப் பெயர் வேறு. அந்தப் பேச்சுகளை ஓட்டுநரே பார்த்துக்கொள்வார். துப்பாக்கியோடு உடன் நடந்து வரும் ரேஞ்சர் இருந்தால், நடை முடிந்ததும் குழுவாக 10 டாலர் அளவுக்கு ஷில்லிங்காகக் கொடுக்கலாம்.